ஆத்தங்குடிக் கல்லு துடைக்கிற தண்ணில பாத்திர லிக்விட் விழுந்தா எண்ணெ எங்க போகுது?

வளவுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எங்க பழைய வீட்டுல முன்கட்டு ரூமை மட்டும் சரி பண்ணி வெளியூர்க்காரங்க தங்குறதுக்கு விட்டிருக்கோம். முகப்புலேருந்து வளவு வரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுதான். அப்பத்தா இருந்தப்ப வாளித் தண்ணில ஒரு கரண்டி தேங்கா எண்ணெய விட்டு, துணிய முக்கிப் பிழிஞ்சு துடைக்கச் சொல்லுவாக, குனிஞ்சா முகம் தெரியும். இப்ப வேலைக்கு வர்ற அக்கா "எண்ணெ தனியா மிதக்குது தம்பி, கலக்கவே மாட்டேங்குது"ன்னு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு மூடி ஊத்திக் கலக்குறாக. வாளி வெள்ளையா கலங்கிப் போயி எண்ணெ நல்லா கலந்துருச்சுன்னு பாத்தா, துடைச்ச தரை மங்கிப்போயி வறட்டுன்னு கெடக்குது. எண்ணெய இன்னும் கூட்டிப் பாத்தாலும் அதே கதைதான். நல்லா கலந்தா தரைக்கு நல்லா ஏறணும்ல, ஏன் ஏற மாட்டேங்குது? சோப்பு எண்ணெ-தண்ணிக்கு நடுவுல இருக்குற டென்ஷனைக் குறைக்கும்னு பன்னண்டாப்புல படிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு, மத்ததெல்லாம் போச்சு.

கோட்டையூர்_குசும்பன்

டென்ஷனை குறைக்குற சாமான் வீட்டுல இருந்தும் உங்க டென்ஷன் ஏறிருச்சே அண்ணே.

நிக்கல்பட்டறை

சிம்பிள் தம்பி. சோப்பு போட்டா எண்ணெக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்குற இழுவிசை ஜீரோ ஆயிரும், ரெண்டும் ஒண்ணாயிரும், அப்புறம் எண்ணெ தண்ணியோடயே போயிரும். நாங்க முலாம் போடுற தொட்டிலயும் சோடியம் லாரில் சல்ஃபேட்னு சோப்பு மாதிரி சரக்குத்தான் ஊத்துறோம். இல்லாட்டி ஹைட்ரஜன் குமிழி ஜாப் மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அந்த எடத்துல நிக்கல் படியாம ஊசி குத்துன கணக்கா புள்ளி விழுந்துரும். ஊத்துனா குமிழி சின்னதுலயே கழண்டு மேல போயிரும்.

பழைய_லேப்_டீச்சர்

பட்டறைக்காரத் தம்பி முடிவை சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, எண்ணெ தண்ணியோட போறது நெசம். ஆனா ஜீரோன்னு சொன்னதை விட முடியாது. ஜீரோ ஆனா நடுவுல எல்லையே இருக்காது, ரெண்டும் தானா கரைஞ்சு ஒரே திரவமாயிரும், பெறகு வெள்ளையா கலங்குறதுக்கு அங்க என்ன இருக்கு? வாளி வெள்ளையா தெரியுதுன்னாலே உள்ள கோடிக்கணக்கான எண்ணெத் துளி தனித்தனியா நின்னு வெளிச்சத்தைச் சிதற அடிக்குதுன்னு அர்த்தம். எல்லை போயிரல, பல மடங்கு பெருகியிருக்கு.

கொஞ்சம் நம்பரோட சொல்றேன், அப்பத்தான் பிடிபடும். தண்ணிக்கும் காத்துக்கும் நடுவுல இழுவிசை 25 டிகிரில 72 மில்லி நியூட்டன் பர் மீட்டர். உங்க பட்டறையில டைன்னு சொல்லுவீங்க, நம்பர் ஒண்ணுதான். தண்ணிக்கும் ஹெக்ஸேன் மாதிரி சுத்தமான ஹைட்ரோகார்பனுக்கும் நடுவுல 50 வாக்குல இருக்கும். சமையல் எண்ணெக்கு அவ்வளவு இருக்காது, நல்லா சுத்தம் பண்ணுனதுன்னா 30 வாக்குல, கடையில வாங்குறதுக்கு 25-ம் அதைச் சுத்தியும். எண்ணெ மூலக்கூறுலயே இருக்குற எஸ்டர்ங்கிற பகுதிங்க தண்ணிய கொஞ்சம் சேத்துக்கிடும், அது போக எண்ணெயில கலந்திருக்குற கொழுப்பு அமிலம், லெசித்தின் எல்லாம் எல்லையில போயி உக்காந்துக்கிடும். இதுல நல்ல சோப்பு சேத்தா ஒத்த இலக்கத்துக்கு எறங்கும், 3, 5, 8 அப்படி. ஜீரோ கெடையாது.

ஏன் எறங்குதுன்னா, சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணிய விரும்பும், நீளமான வால் தண்ணிய வெறுக்கும். தண்ணிக்குள்ள அந்த வாலுக்குப் போக்கிடம் இல்ல. எல்லையில வந்து உக்காந்தா வாலு எண்ணெக்குள்ள, தலை தண்ணிக்குள்ள, ரெண்டுக்கும் நிம்மதி. முன்ன தண்ணியும் எண்ணெயும் நேருக்கு நேரா முட்டிக்கிட்டு நின்ன எடத்துல இப்ப நடுவுல ஆள் நிக்குது. எல்லைய ஒரு சதுர மீட்டர் விரிக்கிறதுக்கு முன்னவிட கம்மி சக்தி போதும். இழுவிசைன்னு நாம சொல்றது அந்தச் சக்தியத்தான்.

வளவுக்காரன்

டீச்சர் நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம். ஒண்ணு கேக்கணும். சுத்தத் தண்ணில எண்ணெ ஒரு சொட்டு விட்டா படர்ந்து ஓடி கலர் கலரா பட்டை தெரியுது, லிக்விட் கலந்த தண்ணில விட்டா படரவே மாட்டேங்குது, ஒரு ரூபா அகலத்துக்குக் கூடப் போகாம குண்டா அப்படியே நிக்குது. இழுவிசை குறைஞ்சா இன்னும் ஈஸியா படரணும்ல? தலைகீழா இருக்கே.

பழைய_லேப்_டீச்சர்

தம்பி, பாதிப் பேருக்கு இது கண்ணுல படாது, நீங்க கவனிச்சிருக்கீங்க. ஒரு சொட்டு எண்ணெ தண்ணி மேல உக்காந்திருக்கிறப்ப அதோட விளிம்புல மூணு இழுவிசை மல்லுக்கு நிக்குது. தண்ணி-காத்து இழுவிசை சொட்டை வெளிய இழுக்கும். எண்ணெ-காத்து, எண்ணெ-தண்ணி ரெண்டும் உள்ள இழுக்கும். சுத்தத் தண்ணின்னா வெளிய இழுக்குறது 72, உள்ள இழுக்குறது எண்ணெ-காத்து 32 வாக்குல, எண்ணெ-தண்ணி 25 வாக்குல, சேந்து 57. வெளிய இழுக்குறவன் ஜெயிக்கிறான், சொட்டு படருது. லிக்விட் ஊத்துனதும் எண்ணெ-தண்ணி 25-லேருந்து 4-க்கு எறங்கும்கிறது சரிதான், ஆனா தண்ணி-காத்தும் 72-லேருந்து 30-க்கு விழுந்துருதே. இப்ப வெளிய 30, உள்ள 36. சொட்டு சுருங்கி நிக்குது. மூணையும் சேத்துப் பாக்கணும், ஒண்ணை மட்டும் பாத்தா இப்படித்தான் தலைகீழாத் தெரியும்.

பாரஃபின் எண்ணெய சுத்தத் தண்ணில விட்டுப் பாருங்க, சோப்பே இல்லாம கூட அது படராது. அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல 50 இருக்குல்ல, உள்பக்கம் ஜெயிச்சிரும்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன்ல கிளாப்பம் குளத்துல ஒரு டீஸ்பூன் எண்ணெ ஊத்தி, அரை ஏக்கர் தண்ணி அலையில்லாம வழவழன்னு ஆனதை எழுதி 1774-ல வெளியிட்டாரு. நம்ம சின்ன ஊருணி ஒண்ணு அம்பது சென்ட் இருக்கும்னு வைங்க, அதுல அஞ்சு மில்லி. வகுத்துப் பாத்தா ரெண்டரை நானோ மீட்டர் கனம் வருது, அதாவது ஒத்த மூலக்கூறு கனம். அவரு அந்தக் கணக்கைப் போடல, போட்டிருந்தா மூலக்கூறோட அளவை நூறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பாரு.

கோட்டையூர்_குசும்பன்

ஊருணில எண்ணெ ஊத்துனா எங்க ஊருல அடி விழும் டீச்சர், மூலக்கூறு அளவு அப்புறம்தான் தெரியும்.

செக்குக்காரர்

தேவகோட்டை ரோட்டுல செக்கு வச்சிருக்கேன், படிப்பு ஒண்ணும் பெரிசா இல்ல, இருந்தாலும் எண்ணெ சமாச்சாரம்னு சொன்னதால வந்தேன். செக்கெண்ணெயில கொழுப்பு அமிலம் இருக்குன்னு டீச்சரம்மா சொன்னாக, அது நெசம், எள்ளு பழசா இருந்தா இல்ல ஈரம் பட்டிருந்தா அமிலம் கூடிரும், நாக்குல காறல் அடிக்கும். எங்க ஐயா ஒரு வேலை பண்ணுவாக, அடுப்புச் சாம்பலை தண்ணில கரைச்சுத் தெளிய வச்சு, அந்தத் தெளிவை ஒரு கிண்ணத்துல எடுத்துக்கிட்டு மேல எண்ணெ ரெண்டு சொட்டு விடுவாக, காறல் எண்ணெயா இருந்தா கலக்காமயே ஓரம் பூராம் வெள்ளையா புகை கணக்கா கீழ எறங்கும், புது எண்ணெயா இருந்தா சும்மா கெடக்கும். யாரும் கிட்ட கூட போக வேணாம், அது பாட்டுக்கு எறங்கும். இதுவும் நீங்க பேசுற சமாச்சாரம்தானா இல்ல வேறயா?

பழைய_லேப்_டீச்சர்

அண்ணே இதேதான், அதுவும் ரொம்ப உசத்தியான கேஸ். சாம்பல் தெளிவுல பொட்டாசியம் கார்பனேட் இருக்கு, காரம். எண்ணெயில இருக்குற கொழுப்பு அமிலம் எல்லைக்கு வந்ததும் காரம் அதைப் பிடிச்சு அங்கயே சோப்பா மாத்திருது. வெளியிலேருந்து ஊத்துற சோப்பு தண்ணிக்குள்ள நடந்து எல்லைக்கு வரணும், இங்க எல்லையிலயே பொறக்குது. அந்த எடத்துல இழுவிசை சட்டுன்னு ரொம்பக் கீழ போயிரும், ஒரு எடத்துல கூடுதல், ஒரு எடத்துல குறைச்சல்னு ஏறுக்குமாறா இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வே எல்லைய இழுத்துக் கொதப்பி, யாரும் கலக்காம எண்ணெய நூல் நூலா பிச்சு எறக்கும். உவர்மண் போட்டு எண்ணெத் துணி வெளுத்ததும் பாதி இந்த வேலைதான்.

பெட்ரோல் கிணறுல பாறைக்குள்ள மாட்டிக்கிட்ட எண்ணெய வெளிய தள்ளுறதுக்கும் காரத் தண்ணிய உள்ள அனுப்புற முறை ஒண்ணு இருக்கு. கச்சா எண்ணெயில அமிலம் இருந்தா அங்கயே சோப்பு உண்டாகும். பாறையோட துளைக்குள்ள எண்ணெத் துளி அடைச்சுக்கிட்டு நிக்கிறதுக்குக் காரணமே இந்த இழுவிசைதான், அதை 20, 30-லேருந்து 0.01, 0.001-க்கு கொண்டுவந்தாத்தான் துளி நெளிஞ்சு வெளிய வரும். ஜீரோவுக்கு ரொம்பப் பக்கம்னா அந்த எடம்தான் பட்டறைக்காரரே. அதுக்குப் பாத்திர லிக்விட் பத்தாது, எந்த சோப்புச் சரக்கு, உப்பு அளவு, கூட ஒரு ஆல்கஹால் எல்லாம் அளந்து பொருத்தணும். அப்படிப் பொருந்திருச்சுன்னா வெள்ளையாக் கூட இருக்காது, துளி அவ்வளவு சிறுசு, கண்ணாடியா தெளிஞ்சு நிக்கும்.

நிக்கல்பட்டறை

சரி டீச்சர் ஜீரோவை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா எங்க தொட்டி விஷயத்துல ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. நாங்க ஸ்டாலக்மோமீட்டர் வச்சுத்தான் பாப்போம், கண்ணாடிக் குழாயில தொட்டித் தண்ணிய ஏத்தி கீழ எத்தனை சொட்டா விழுதுன்னு எண்ணுறது, சொட்டு கூடுனா இழுவிசை குறைஞ்சிருக்கு. 35-லேருந்து 40-க்குள்ள வச்சுக்கிடுவோம். லாரில் சல்ஃபேட் போடப் போட குறையுது, ஒரு அளவுக்கு மேல எவ்வளவு கொட்டுனாலும் அசைய மாட்டேங்குது. சரக்கு டூப்ளிகேட்டோன்னு நெனைப்பேன்.

பழைய_லேப்_டீச்சர்

சரக்கு நல்ல சரக்காவே இருக்கலாம் தம்பி. எல்லையில இடம் நெறஞ்சு போச்சு. அதுக்கு மேல வர்ற மூலக்கூறெல்லாம் தண்ணிக்குள்ளயே வாலை உள்பக்கம் மறைச்சுக்கிட்டு, தலைய வெளிய காட்டிக்கிட்டு கும்பலா சேந்துக்கிடும், அதுக்கு மைசெல்னு பேரு. அந்தக் கும்பல் கூட ஆரம்பிக்கிற அளவுக்கு மேல எவ்வளவு கொட்டுனாலும் எல்லையில மாத்தம் இருக்காது. லாரில் சல்ஃபேட்டுக்கு சுத்தத் தண்ணில, 25 டிகிரில, லிட்டருக்கு 8 மில்லி மோல் சொச்சம், கிராம்ல சொன்னா ரெண்டே கால், ரெண்டரைக்குள்ள. உப்பு இருந்தா இந்த அளவு நல்லா எறங்கிரும், ஏன்னா மைனஸ் தலைங்க ஒண்ணை ஒண்ணு தள்ளுறதை உப்பு அடக்கிருது. உங்க தொட்டில நிக்கல் சல்ஃபேட்டும் குளோரைடும் கொட்டிக் கெடக்கு, அதனால கொஞ்சம் போட்டாலே நெறஞ்சிரும்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க வேற ஒரு வழி இருக்கு. அளவு கூட்டக் கூட்ட இழுவிசையக் குறிச்சு படம் போட்டா, சுத்தமான சரக்குன்னா கோடு எறங்கி வந்து மட்டமா திரும்பும். கோடு கீழ ஒரு பள்ளத்துல விழுந்து மறுபடி மேல ஏறி அப்புறம் மட்டமானா சரக்குல டோடெக்கனால் கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம். லாரில் சல்ஃபேட் செய்யுற மூலப்பொருள்தான் அது, வினை முடியாம கொஞ்சம் தங்கிரும், இல்ல பழசாகி சல்ஃபேட் உடைஞ்சு வந்துரும். அது தண்ணில நிக்காது, எல்லைக்கு ஓடிரும், அதான் கூடுதலா எறக்கிக் காட்டும். மைசெல் வந்ததும் அதை உள்ள இழுத்துக்கிடும், அப்ப இழுவிசை திரும்ப ஏறும். பழைய காலத்துப் பேப்பர்ல இந்தப் பள்ளத்தைப் பாத்து ரொம்பப் பேரு மண்டைய உடைச்சிருக்காங்க.

கோட்டையூர்_குசும்பன்

இதெல்லாம் சரி, காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிறுவனத்துல போயி கேட்டா வாளிய வாங்கி மெஷின்ல வச்சு ஒரு நிமிஷத்துல சொல்லிருவாக. அழகப்பச் செட்டியாரு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வரவச்சது எதுக்கு?

வளவுக்காரன்

தரை துடைக்கிற வாளியத் தூக்கிக்கிட்டு மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்து கேட்டுல நிக்கச் சொல்றீங்களா. செக்யூரிட்டி என்னைய என்ன கேப்பாரு.

டீச்சர், என் கேள்வி இன்னும் பாதில நிக்குது. துளி சின்னதா இருந்தா தரைக்கு ஏறாதா? மிக்ஸில போட்டு அடிச்சா சோப்பு இல்லாமயே சின்னத் துளி ஆக்கிரலாமே, அப்ப ஏறுமா?

பழைய_லேப்_டீச்சர்

இதைத்தான் எதிர்பாத்தேன். இழுவிசை குறையுறது ஒரு வேலை, துளி பிரிஞ்சே நிக்கிறது வேற வேலை. புக்கு, யூட்யூப் எல்லாத்துலயும் ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி "சோப்பு இழுவிசையக் குறைக்குது, அதனால எண்ணெ தண்ணியோட கலக்குது"ன்னு ஒரே வரில முடிச்சிருறாங்க. எனக்கு அந்த வரியப் பாத்தாலே எரிச்சல்.

கணக்கு போடுவோம். ஒரு லிட்டர் எண்ணெய ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளியா ஒடைச்சா மொத்த எல்லைப் பரப்பு 3000 சதுர மீட்டர், முக்கால் ஏக்கருக்கு ஒட்டி வரும். சோப்பு இல்லாம இழுவிசை 25-ன்னா அதை உண்டாக்கத் தேவையான சக்தி வெறும் 75 ஜூல். 750 வாட் மிக்ஸி பத்துல ஒரு பங்கு செகண்டுல அதைக் குடுத்துரும். அந்த லிட்டர் எண்ணெய ஒரு டிகிரி சூடாக்கக் கூட இருபது மடங்குக்கு மேல வேணும். அப்ப சக்தி பத்தாமையா எண்ணெ கலக்க மாட்டேங்குது? இல்ல.

பிரச்சனை ரெண்டு எடத்துல இருக்கு. முதல்ல, துளி சிறுசாக ஆக உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறும், ஒரு மைக்ரான் துளிக்கு அரை வளிமண்டல அழுத்தம் உள்ள நிக்குது. பிளேடு அந்தத் துளிய நசுக்கி ரெண்டாக்கணும்னா அந்த அழுத்தத்தை மீறின இழுப்பைத் தரணும், சாதாரணமா கையால கலக்குறதுல அது வராது. சோப்பு இழுவிசைய ஆறுல ஒண்ணாக்குனா அழுத்தமும் ஆறுல ஒண்ணாகும், அதே கலக்குல முன்னவிட சின்னத் துளி கெடைக்கும். இழுவிசை குறையுறதோட பங்கு இது வரைக்கும்தான்.

ரெண்டாவது, ஒடைஞ்ச துளி ரெண்டு முட்டுனா சேந்துரும். சோப்பு இல்லாட்டி நடுவுல இருக்குற தண்ணி ஏடு நழுவி ஒழிஞ்சு உடனே ஒண்ணாயிரும். மிக்ஸிய நிறுத்தி நீங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள மேல வந்து நிக்கும். சோப்பு இருந்தா ஒவ்வொரு துளி மேலயும் மைனஸ் சார்ஜ் தலைங்க வரிசையா நிக்குது, ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். இன்னொண்ணும் நடக்கும். நடுவுல ஏடு மெலிஞ்ச எடத்துல சோப்பு அடர்த்தி குறையும், அங்க இழுவிசை ஏறும், ஏறுன எடம் சுத்தி இருக்குறதை இழுத்துக்கிட்டு வரும், கூடவே தண்ணியும் வந்து மெலிஞ்ச எடத்தை ரொப்பிரும். மாரங்கோனி விளைவுன்னு சொல்லுவாங்க. இங்க காப்பாத்துறது இழுவிசை குறைவா இருக்குறது இல்ல, எடத்துக்கு எடம் மாறுறதுதான்.

இப்ப உங்க தரை. சுத்தத் தண்ணி வாளில எண்ணெ மேல படலமா கெடக்கு, துணிய முக்கி எடுக்குறப்ப படலம் துணில ஒட்டிக்கிடுது, தரையில தேய்க்குறப்ப கல்லு மேல இழுவி விட்டுரும், தண்ணி காயும், எண்ணெ தங்கும். லிக்விட் வாளில எண்ணெத் துளி ஒவ்வொண்ணும் மைனஸ் சார்ஜோட, சட்டை போட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ளயே சுத்துது, துணிலயும் ஒட்டாது, கல்லுலயும் ஒட்டாது. அது மட்டுமா, முன்னாடி பல வருஷமா தரையில ஏறியிருந்த எண்ணெயையும் எல்லை ஓரத்துலேருந்து சுருட்டித் தூக்கி வாளிக்குக் கொண்டு வந்துரும், லிக்விட்டை வித்ததே அந்த வேலைக்குத்தான். எண்ணெய எவ்வளவு கூட்டுனாலும் சாக்கடைக்குத்தான் தீனி.

வளவுக்காரன்

இப்ப புரிஞ்சது டீச்சர். "வறட்டுன்னு" கெடந்ததுக்குக் காரணம் புது எண்ணெ ஏறாதது மட்டும் இல்ல, பழசும் போயிருச்சு. அக்காகிட்ட சொல்லிட்டேன், லிக்விட் போட்டுத் துடைக்கணும்னா தனியா ஒரு நாளு, ரெண்டு தடவை நல்ல தண்ணி விட்டு எடுத்து, காய்ஞ்ச பெறகு எண்ணெத் தண்ணின்னு.

நிக்கல்பட்டறை

ரெண்டு மூடி லிக்விட் அவ்வளவு பெரிய வாளிக்குப் பத்துமா டீச்சர்? லிட்டருக்கு ரெண்டே கால் கிராம்னு சொன்னீங்களே, அப்ப 10 லிட்டருக்கு இருபது கிராமுக்கு மேல சரக்கு வேணும். பாட்டில்ல பெரும்பகுதி தண்ணிதானே.

பழைய_லேப்_டீச்சர்

நல்ல கணக்கு. அந்த 2.25 தனி லாரில் சல்ஃபேட்டுக்கு மட்டும். பாத்திர லிக்விட்ல லேப்சா, ஈதர் சல்ஃபேட்டுன்னு ரெண்டு சோப்புச் சரக்கு கலந்து இருக்கும், அந்த ஈதர் சல்ஃபேட்டு பல மடங்கு குறைஞ்ச அளவுலயே எல்லைய நெறச்சிரும். லேப்சாவுக்கு மூலப்பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன் நம்ம சென்னை மணலியிலயே தயாராகுது. எல்லைய நெறைக்க சரக்கு எவ்வளவு வேணும்னா, ஒரு மூலக்கூறு அரை சதுர நானோ மீட்டர் எடம் பிடிக்குதுன்னு வைங்க, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லி கிராம் போதும். அந்த முக்கால் ஏக்கருக்கே மூணு கிராம்தான் வரும். வாளில இருக்குறது ஒரு கரண்டி எண்ணெ, துளியும் மிக்ஸி அளவு சிறுசு இல்ல. மீதி எல்லாம் தண்ணிய நெறைக்கத்தான்.

கோட்டையூர்_குசும்பன்

சரி சனிக்கிழமைக்கு வாங்க. நல்லெண்ணெ தேச்சுக் குளிக்கிறப்ப சீயக்காய்க்கு நுரையே வர்றதில்ல, இருந்தும் எண்ணெ போயிருது. ஷாம்பு போட்டா நுரை மலையா வருது. நுரை கம்மின்னா இழுவிசை குறைக்கலன்னு அர்த்தமா? அப்புறம் எங்க வீட்டுச் செவுத்துல சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுனதா சொல்லுவாகளே, அதுவும் இந்தக் குடும்பமா?

பழைய_லேப்_டீச்சர்

நுரைய வச்சு எதையும் அளக்காதீங்க. நுரை காத்து-தண்ணி எல்லை, எண்ணெ எடுக்குறது எண்ணெ-தண்ணி எல்லை. தலையில எண்ணெ இருந்தாலே அது நுரைய ஒடைச்சிரும், முதல் தடவை ஷாம்புக்கு நுரை வராதது அதனாலதான்.

சீயக்காயில இருக்குறது சாப்போனின். சர்க்கரை மூலக்கூறு நாலஞ்சு கோத்த பெரிய தலை, பின்னாடி அகலமான கொழுப்பு முதுகு. லாரில் சல்ஃபேட் அளவுக்கு இழுவிசைய எறக்காது, மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா எல்லையில ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு விறைப்பான ஏடு உண்டாக்கும். கூடவே பொடியே கொஞ்சம் எண்ணெய உறிஞ்சிரும். தலையில எண்ணெ முழுசா போகாம லேசா ஒரு பிசுக்கு தங்குதே, அதுதான் எனக்குப் பிடிச்ச அளவு, என் மக வயசுக்காரங்களுக்கு அது பிடிக்காது.

நம்ம பக்கம் போர் தண்ணி கடினத் தண்ணி. சோப்புக்கட்டி போட்டா கால்சியம் வந்து கொழுப்பு அமிலத்தைப் பிடிச்சு, கரையாத கால்சியம் சோப்பாக்கிரும், வாளி ஓரத்துல சாம்பக்கலர்ல ஒட்டுறது அதுதான். அது எல்லைக்குப் போனாலும் எண்ணெப் பக்கம் சாய்ஞ்ச ஆளு, எண்ணெத் துளிய தண்ணில நிறுத்தாது, தண்ணித் துளிய எண்ணெக்குள்ள நிறுத்தப் பாக்கும், அதான் பிசுக்கு பிசுக்குன்னு ஆயிருது. எந்தப் பக்கம் அதிகமா கரையுதோ அந்தப் பக்கம்தான் வெளிய நிக்கும்னு பான்கிராஃப்ட் 1913-லயே சொல்லிட்டாரு. சாப்போனினுக்கு கால்சியத்தால அந்தத் தொல்லை இல்ல.

முட்டைக்கரு குடும்பம்தான், ஆனா பெரியப்பா வழி. புரதம் எல்லைக்கு வந்து சுருள் அவிழ்ந்து விரியணும், நிமிஷக் கணக்குல, சில சமயம் மணிக்கணக்குல இழுவிசை எறங்கிக்கிட்டே இருக்கும். செவுத்துல அது எவ்வளவு வேலை செஞ்சுச்சுங்கிறது கொத்தனார் சமாச்சாரம், நான் கை வைக்கல.

செக்குக்காரர்

டீச்சரம்மா கடினத் தண்ணின்னு சொன்னதும் ஒண்ணு கேக்கணும், இதுக்குத்தான் ரெண்டு நாளா இந்த இழையப் படிச்சுக்கிட்டு இருந்தேன். வேப்பெண்ணெ ஆட்டித் தர்றேன், கத்தரி மெளகா போட்டவங்க வாங்கிட்டுப் போறாக, லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி, கூட துணி சோப்பு சீவிப் போட்டுக் கலக்கி அடிக்கிறது, ஆனா போர் தண்ணில கலக்குனா ஸ்ப்ரேயர்ல ஊத்துறதுக்குள்ளயே எண்ணெ மேல திரண்டு வந்துருது, முதல்ல போறது வெறும் தண்ணி, கடைசில போறது பூரா எண்ணெ, இலை கருகிப்போகுது, என்னைய வந்து எண்ணெ சரியில்லன்னு சண்டை போடுறாக.

பழைய_லேப்_டீச்சர்

அண்ணே எண்ணெ மேல தப்பில்ல. கால்சியம் சோப்பைத் தின்னுருது, அதான் விஷயம். மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா துணி சோப்பே நல்லா வேலை செய்யும். போர் தண்ணிதான்னா பூந்திக்கொட்டைய முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டு, கசக்கி வடிகட்டி, எண்ணெய அந்தக் கெட்டிச் சாறுலயே முதல்ல விட்டு நல்லா அடிச்சுக்கிட்டு, பெறகு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேக்கச் சொல்லுங்க. மொத்தத் தண்ணிலயும் எண்ணெய ஊத்திட்டு மேல சோப்பு போடுறது சரிவராது, சரக்கு அடர்த்தியா இருக்குற எடத்துலதான் துளி ஒடையணும், ஒடைஞ்ச கையோட மூடிக்கிடணும்.

செக்குக்காரர்

நேத்து ராத்திரி ஊறப்போட்டு காலையில நீங்க சொன்னபடி அடிச்சு பாட்டில்ல வச்சேன். பால் கணக்கா நின்னுச்சு, ஆனா மத்தியானத்துக்கு மேல கழுத்துப் பக்கம் ஒரு விரக்கடை கெட்டியா வெள்ளையா ஏறியிருக்கு, கீழ வெளிர்னு இருக்கு. பிரிஞ்சிருச்சா?

பழைய_லேப்_டீச்சர்

மஞ்ச எண்ணெயா தெரியுதா, வெள்ளையாவே இருக்கா? வெள்ளைன்னா துளி துளியாத்தான் இருக்கு, எண்ணெ எடை கம்மிங்கிறதால கும்பலா மேல ஏறியிருக்கு, ஒண்ணோட ஒண்ணு சேரல. பாட்டிலை ரெண்டு தடவை கவுத்து எடுங்க. பூரா மறுபடி ஒரே வெள்ளையாச்சுன்னா தாராளமா அடிக்கலாம், டேங்கை மட்டும் நடுநடுவுல குலுக்கிக்கிட்டே போகச் சொல்லுங்க. மேல மஞ்சளா பொட்டு பொட்டா மிதந்து குலுக்குனாலும் போகலன்னா அதை அடிக்க வேணாம், சாறு கொஞ்சம் கூட்டி மறுபடி கலக்கணும். எப்படியா இருந்தாலும் வெயில் தாழ அடிக்கச் சொல்லுங்க.

செக்குக்காரர்

கவுத்தேன், பூரா வெள்ளையாயிருச்சு. பூந்திக்கொட்டை கிலோ என்ன வெலைக்குப் போகுதுன்னு சந்தையில விசாரிக்கணும்.